ஒரு விதைக்கு இரண்டு வீடு: தோட்டத்து ஊரில் விதைப் பகிர்வு தொடங்க முழு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானபோது டவுனுக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கட்டில், அலமாரி, சாமிப்படம் எல்லாம் லோரியில் ஏறின. அம்மா விதை போட்டு வைத்திருந்த மைலோ டின்னும் ஏறியது. தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் கிடைத்த வீட்டில் வாசல் முழுக்கச் சிமெண்டு, பின்னால் நான்கடி மண். டின் அலமாரி மேலேயே தங்கிவிட்டது. நான்கு வருஷம் கழித்துத் திறந்து ஊன்றிப் பார்த்தோம். நீட்டுப் புடலை முளைக்கவில்லை, வரிக்கத்திரி முளைக்கவில்லை. பயத்தங்காய் விதையில் வண்டு துளைத்த மாவுதான் மிச்சம்.

ஆனாலும் வரிக்கத்திரி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவுக்கு அம்மா எப்போதோ ஒரு பிடி விதை கொடுத்திருக்கிறார். அவர் அதை விடாமல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். விதையைக் காக்க நல்ல டப்பா வேண்டும், சரிதான். ஆனால் இன்னொரு வீட்டு மண்ணில் அது வளர்ந்துகொண்டிருப்பதுதான் பெரிய காவல். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு பிடியிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

கூட்டம் போட்டுத் தொடங்காதீர்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் விதை கேட்டுத்தான் வருவார்கள். விதை வைத்திருப்பவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். மாலை ஐந்தரைக்கு மேல், அவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரமாகப் பார்த்துத் தெருவில் நடந்து போங்கள். "அக்கா, இந்த வெண்டி விதை ஏது?" என்று கேட்டாலே போதும், கதை தானாக வரும்.

ஒவ்வொரு பயிருக்கும் மூன்று கேள்வி: எங்கிருந்து வந்தது, எத்தனை தடவை சொந்த விதையிலேயே போட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் காய் ஒரே மாதிரி வந்ததா. இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. மூன்று தடவைக்கு மேல் சொந்த விதையில் போட்டும் காய் மாறவில்லை என்றால் அது நம்பிப் பகிரக்கூடிய விதை. பெயரை அவர்கள் சொல்வது போலவே எழுதிக்கொள்ளுங்கள். "எஸ்டேட் கத்திரி" என்று எங்கள் பகுதியில் மூன்று விதமான கத்திரிக்குப் பெயர். அதனால் பெயரோடு நிறம், நீளம், முள் உண்டா என்பதும் வேண்டும். கைப்பேசியில் காயைப் படம் எடுத்து வைத்தால் பின்னால் சண்டை வராது.

எட்டுப் பத்து வீடு, ஐந்து பயிர் இருந்தால் தொடங்கிவிடலாம். பயத்தங்காய், வெண்டி, கத்திரி, மிளகாய், ஒரு கீரை என்று ஆரம்பிப்பது நல்லது. பூசணி, பீர்க்கை எல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், எங்கள் ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வைத்தார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்றைக் காப்பாற்றுவது இந்த ஊருக்குப் புதிது இல்லை. நம் விஷயத்தில் காசுகூட வேண்டாம்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது

கடைப் பாக்கெட்டில் "எஃப்1" என்று போட்டிருந்தால் அது ஹைபிரிட். இரண்டு வேறு பெற்றோர் வரிசைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. அதைப் போட்டுச் சாப்பிடுங்கள், நன்றாகக் காய்க்கும். அதன் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறையில் குட்டை, நெட்டை, நீளம், உருண்டை என்று கலைந்து வரும். அதைப் பகிர்ந்தால் வாங்கியவருக்கு ஏமாற்றம், கொடுத்தவருக்குக் கெட்ட பெயர். சூப்பர்மார்க்கெட் தக்காளி, குடைமிளகாய், பப்பாளி விதைகளையும் இந்தக் கணக்கிலேயே வையுங்கள்.

சில பாக்கெட் விதைகள் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். பெரும்பாலும் அது பூஞ்சண மருந்து பூசியதற்கான அடையாளம். குழந்தைகள் கை படும் இடத்தில் அந்த விதை வேண்டாம்.

நோய் பட்ட செடியின் விதையும் வேண்டாம். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருண்ட பயத்தங்கொடி, பழத்தில் வட்ட வட்டமாகக் குழி விழுந்து அழுகும் மிளகாய் இரண்டும் முக்கியம். இந்த நச்சுயிரும் பூஞ்சணமும் விதை வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போகக்கூடியவை. இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. ஒரு முறை நான் பார்த்துவிட்டேன், மறு வருஷம் நான்கு வீட்டு மிளகாய் போனது.

சுரைக்காய்க்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. கசக்கும் சுரைக்காய் வெறும் சுவைக் குறை இல்லை, உடலுக்கு நஞ்சு. நறுக்கும்போது சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயையும் விதையையும் தூக்கிப் போடுங்கள். பரவாயில்லை என்று குழம்பில் போடவே கூடாது.

எந்தப் பூ யாரோடு கலக்கும்

இது தெரியாமல் விதை எடுப்பவர்கள்தான் "போன வருஷம் வெள்ளைக் கத்திரி, இந்த வருஷம் ஊதாவாக வருகிறதே" என்று கேட்பார்கள்.

பயத்தங்காய், அவரையின் சொந்தக்காரரான பீன்ஸ், தக்காளி மூன்றும் பெரும்பாலும் தன் பூவிலேயே தானே கருவுறும். இரண்டு ரகத்தை ஏழெட்டு மீட்டர் தள்ளி வைத்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இவற்றில் கை பழகட்டும்.

வெண்டி, கத்திரி, மிளகாய் மூன்றும் தன்னாலும் கருவுறும், தேனீ வந்தால் கலக்கவும் செய்யும். பக்கத்து வீட்டில் வேறு ரகம் இருந்தால் பூவை மூட வேண்டும். கல்யாண வீட்டில் மிட்டாய் போட்டுத் தருகிறார்களே, சுருக்குக் கயிறு வைத்த வலைப்பை, அதைவிட நல்ல கருவி இதற்குக் கிடையாது. நாளைக்கு விரியப்போகிற வெண்டி மொட்டை இன்று மாலை பைக்குள் விட்டுச் சுருக்கைக் கட்டிவிடுங்கள். காலையில் உள்ளேயே பூத்து, உள்ளேயே காய் பிடிக்கும். பூ உதிர்ந்து பிஞ்சு தெரிந்ததும் பையைக் கழற்றி, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். மிளகாய்க்கு ஒரு கிளையையே பைக்குள் விட்டு, தினமும் லேசாகத் தட்டினால் போதும்.

கீரைத்தண்டு, முளைக்கீரை இனங்கள் காற்றில் மகரந்தம் அனுப்புபவை. பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பூத்தால் கலந்துவிடும். ஒரு தெருவில் ஒரு பருவத்துக்கு ஒரு கீரைதான் பூக்கவிட வேண்டும், மற்றதைப் பூக்கும் முன் பறித்துச் சமைத்துவிடுங்கள். சோளமும், அதாவது மக்காச்சோளமும், காற்றுக் கலப்புதான். அதோடு, பத்துச் செடியிலிருந்து மட்டும் விதை எடுத்துக்கொண்டே போனால் சில தலைமுறையில் நோஞ்சானாகிவிடும். வீட்டுத் தோட்டத்தில் சோள விதை காப்பது ஆகாத வேலை என்பது என் கருத்து.

அப்புறம் கொடி வகைகள். பூசணி, வெள்ளரி, பாகல், சுரை, பீர்க்கை, புடலை எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். பூசணியும் சுரையும் ஒன்றோடொன்று கலக்காது, ஆனால் இரண்டு விதமான சுரை கலக்கும். தூய விதை வேண்டுமென்றால் கையால்தான் கருவூட்ட வேண்டும். இங்கே நேரம் முக்கியம். பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் பூக்கும். முந்தைய மாலையே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் மெல்லக் கட்டி வைத்து, காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். சுரை, பீர்க்கை, புடலை மூன்றும் மாலையில் பூப்பவை. "காலையில் போய்ப் பார்த்தேன், பூ வாடிக் கிடக்கிறது" என்று ஒரு பருவம் முழுக்க நானும் புலம்பியிருக்கிறேன். அவற்றுக்கு மதியமே கட்டி வைத்து, விளக்கேற்றும் நேரத்தில் போய்த் தடவ வேண்டும்.

ஒரே செடியிலிருந்து எடுக்கும் விதை குறுகிய வம்சம். பயத்தங்காய்க்கு ஐந்தாறு செடி, கீரைக்கு இருபதாவது இருந்தால் நல்லது. ஒரு தாமான் வீட்டில் ஆறு பூசணிக்கொடிக்கு இடம் ஏது? ஆனால் ஆறு வீட்டில் ஆளுக்கு ஒரு கொடி விட்டு, விதையை ஒன்றாகக் கலந்து பிரித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டால் முடியாததைத் தெரு செய்வது இப்படித்தான்.

விதைக்கென்று வளர்ப்பது

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன? நல்ல காயெல்லாம் சாம்பாருக்குப் போகும். கடைசியில் செடி ஓய்ந்து, கோணலாக நிற்கும் ஒரு காயை "விதைக்கு விடுவோம்" என்று விடுவோம். பத்து வருஷம் இப்படிச் செய்தால் விதையும் ஓய்ந்துதான் போகும். நல்ல செடியை முதலிலேயே அடையாளம் கண்டு, முதல் இரண்டு பறிப்புக்குப் பிறகு வரும் திடமான காய்களில் சிவப்பு நூல் கட்டுங்கள். "சிவப்பு நூல் கட்டியதைத் தொடக்கூடாது" என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். விருந்தாளி வந்த அன்று என் விதைக் கத்திரிக்காய் கொத்சுவானது தனிக் கதை.

எந்த மாதம் போடுவது? "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது தமிழ்நாட்டு மழைக்குச் சொன்னது. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரைப் பக்கம் மழை இரண்டு முறை உச்சத்துக்குப் போகும், ஏப்ரல்-மேயில் ஒன்று, அக்டோபர்-நவம்பரில் ஒன்று. ஜனவரி-பிப்ரவரியும் ஜூன்-ஜூலையும் கொஞ்சம் வறண்டவை. சாப்பிட மட்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் போடலாம். விதைக்கு, காய் செடியிலேயே காயும் நாள்கள் வறண்ட மாதத்தில் விழ வேண்டும். பயத்தங்காய் விதை முற்றிக் காய இரண்டரை மாதம், வெண்டிக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். மார்ச் கடைசியில் போட்டால் ஜூனில் காயும். அக்டோபரில் போட்டால் ஜனவரியில் காயும். கத்திரி, மிளகாய் நான்கைந்து மாதம் கேட்கும், அவற்றை ஜனவரியிலேயே நாற்று விடுங்கள். இந்தக் கணக்கில் பார்த்தால் விதை கையில் இருக்கும் மாதங்கள் தை முடிவும் ஆடியும். நமக்கு ஆடி விதைக்கும் பட்டமாக இல்லாவிட்டாலும் விதையைப் பங்கிட நல்ல பட்டம்.

விதைச் செடியை வேலிக்கு வெளியே, சாலையோரப் புல்லில் வைக்காதீர்கள். ஒரு வருஷம் என்னுடைய ஆறு வெண்டியும், காய் பாதி காய்ந்த நிலையில், புல் வெட்டும் மெஷினுக்கு இரையாயின. வெட்ட வந்தவரை என்ன சொல்வது? அவர் கண்ணுக்கு அது காய்ந்த குச்சி.

பறிப்பதும் சுத்தம் செய்வதும்

பயத்தங்காய் நெற்று வைக்கோல் நிறமாகி, ஆட்டினால் உள்ளே கலகலக்க வேண்டும். வெண்டி பழுப்பாகி விளிம்பில் வெடிக்கத் தொடங்கும்போது பறியுங்கள். மழை வருவது போலிருந்தால் முழுச் செடியையும் பிடுங்கிக் கொண்டுவந்து கார் ஷெட்டில் தலைகீழாகத் தொங்கவிடலாம். நனைந்த நெற்றுக்குள்ளேயே விதை முளைத்துவிடும் நாடு இது.

கத்திரி சமையல் பதத்தில் இருக்கும்போது விதை பிஞ்சு. ஊதாக் காயோ பச்சைக் காயோ, மஞ்சளாகி, மங்கி, "இனி இதை யார் சாப்பிடுவார்" என்று தோன்றும் வரை விடுங்கள். பிறகு நறுக்கி, தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். மிளகாய் முழுதாகச் சிவந்து தோல் சுருங்கத் தொடங்கிய பிறகு. விதை எடுக்கும்போது கையுறை போடுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் பாடம் மறக்காது.

தக்காளி, வெள்ளரி விதையைச் சுற்றி ஒரு வழவழப்பு இருக்கும். அது முளைப்பைத் தடுப்பது. விதையைச் சாற்றோடு கிண்ணத்தில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு நாள் புளிக்க வையுங்கள். நம் வெக்கைக்கு மூன்றாம் நாள் போனால் கிண்ணத்திலேயே முளை விடும். துணியால் மூடிக் கட்டுவது கட்டாயம், திறந்த தண்ணீர் கிண்ணம் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ அறை. பிறகு அலசி, தட்டில் பரப்புங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

பூசணி, சுரைக் காய்களைக் கொடியிலேயே நன்றாக முற்றவிட வேண்டும். வெள்ளரி மஞ்சளாகும் வரை. அத்தனை நாள் வைத்தால் பழ ஈ குத்தும் என்பதால், பிஞ்சிலேயே காகிதப் பையோ இரண்டு மடிப்புச் செய்தித்தாளோ சுற்றிவிடுங்கள். கீரைக் கதிரை வெட்டி, துணி மேல் உதறி, முறத்தில் புடைத்தால் கறுப்பு மணிகள் தனியாகும். முறம் வீட்டில் இல்லையென்றால் பாட்டி வீட்டில் இருக்கும், புடைக்கவும் அவரையே கூப்பிடுங்கள்.

காய வைத்தல்: பாதி வெற்றி இங்கேதான்

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை மூடி போடாமல் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் நமுத்திருக்கும். அதே காற்றில்தான் விதையும் கிடக்கிறது. நம் சமவெளியில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக எண்பது சதவீதத்தை ஒட்டியே இருக்கும், இரவில் அதற்கும் மேலே ஏறும். அந்தக் காற்றில் திறந்து வைத்த பயறு விதை தன் எடையில் சுமார் 14, 15 சதவீதம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் அது விருந்து. மூடிச் சேமிக்க எட்டு சதவீதத்துக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். வெயில் மட்டும் அந்த வேலையை முடிக்காது.

ஹேரிங்டன் என்ற அமெரிக்க விதை ஆய்வாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து பாகை (டிகிரி செல்சியஸ்) குறைந்தாலும் இரட்டிக்கும். தோராயக் கணக்குதான். ஆனால் என் அம்மாவின் மைலோ டின் ஏன் தோற்றது என்று அது சொல்லிவிடுகிறது. டின்னில் குறை இல்லை, உள்ளே போன விதை நமுத்திருந்தது.

முதல் கட்டம், நிழலும் காற்றும். தட்டிலோ முறத்திலோ மெல்லப் பரப்பி, விசிறிக்குக் கீழே நான்கைந்து நாள். காலை வெயிலில் ஒன்பதரை வரை வைக்கலாம். உச்சி வெயிலில் தகரத்தின் மேல் வைத்தால் விதை வெந்துவிடும், நாற்பது பாகையைத் தாண்டவே கூடாது. ஒவ்வொரு நாளும் மாலை ஆறுக்குள் எடுத்து மூடிய டப்பாவில் வையுங்கள். வெளியே விட்டால் பகலில் விட்ட ஈரத்தை ராத்திரி திரும்பக் குடித்துவிடும்.

இரண்டாம் கட்டம், உறிஞ்சி. கடையில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் இருந்தால் விதையின் எடைக்குச் சம எடை போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரம் மூடி வையுங்கள். விதை துணி முடிச்சில் இருக்கட்டும். சிலிக்கா இல்லையா? அரிசி இருக்கிறது. வெறும் வாணலியில் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, மூடி ஆறவிட்டு, விதையைப் போல மூன்று நான்கு மடங்கு எடுத்துப் பாட்டிலில் போட்டு, மேலே விதை முடிச்சை வைத்து இறுக மூடுங்கள். மூன்று நாள் கழித்துப் புதிதாக வறுத்த அரிசி மாற்றுங்கள். இரண்டு வாரம் போதும். வறுக்காத அரிசியால் பெரிதாகப் பயன் இல்லை, அதுவும் நம் காற்றில் நமுத்ததுதானே.

காய்ந்ததா என்று பார்க்க மூன்று வழி. பயறு விதையைச் சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாக உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம். பூசணி விதை வளையாமல் "டக்" என்று ஒடிய வேண்டும். காய்ந்த உப்பு ஒரு கரண்டியோடு விதையைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கிப் பதினைந்து நிமிஷம் வைத்தால், உப்பு கண்ணாடியில் ஒட்டக் கூடாது. உப்புச் சோதனை ரொம்ப ஈரமானதை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், அதனால் அதை முதல் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிக்க, ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் பாட்டில். சிவப்பு மூடி முறுக்கு டப்பா அழகாக இருக்கும், காற்றை நிறுத்தாது. பயறு வகைகளை நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு வாரம் பிரீசரில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத வண்டு முட்டையும் செத்துவிடும். அடுப்புச் சாம்பல் கலப்பது பழைய வழி, அதுவும் வேலை செய்யும். அதன் பிறகு பாட்டில் குளிர்ப்பெட்டியின் கீழ்த் தட்டில் இருக்கட்டும். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது வைத்து, பாட்டில் வெளியே வியர்ப்பது நின்ற பிறகு திறங்கள்.

முளைப்புச் சோதனை

மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவோமே, அதை ஊர் கூடிச் செய்யும் விதைப் பரிசோதனை என்றுகூடச் சொல்லலாம். நம் அளவுக்கு இருபது விதை போதும். ஈர டிஷ்யூவில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள். பயறும் வெண்டியும் ஐந்து நாளில் தெரிந்துவிடும், மிளகாய்க்கும் கத்திரிக்கும் இரண்டு வாரம் பொறுங்கள். பாகலின் ஓடு கடினம், நகவெட்டியால் ஓரத்தை லேசாகக் கிள்ளி ஒரு ராத்திரி ஊறவைத்தால் சீக்கிரம் வரும். பதினாறு முளைத்தால் எண்பது சதவீதம். பன்னிரண்டுக்குக் கீழே போனால் அதைப் பங்கிட வேண்டாம், இருக்கிற எல்லாவற்றையும் உடனே ஊன்றிப் புது விதை எடுங்கள்.

பொட்டலமும் சீட்டும்

சின்னக் காகித உறை. சீனர்கள் காசு வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகூடப் பொருத்தம், சீனப் பெருநாள் முடிந்ததும் எல்லோர் வீட்டிலும் மிச்சம் இருக்கும். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா ஈரத்தில் கலங்கும். பயிர், வீட்டில் வழங்கும் பெயர், யார் வீடு, எடுத்த மாதம் வருஷம், எத்தனை செடியிலிருந்து, பூவை மூடியதா திறந்ததா, முளைப்பு எவ்வளவு. இவ்வளவும் வேண்டும். மூடாத பூ என்று எழுதுவதில் வெட்கம் இல்லை, எழுதாமல் விடுவதுதான் தப்பு. ஒரு பொட்டலத்துக்குப் பயறு பத்து, வெண்டி பதினைந்து, கத்திரியும் மிளகாயும் முப்பது, கீரை ஒரு சிட்டிகை. அதற்கு மேல் கொடுத்தால் தாமான் வீட்டுக்காரர் எங்கே போடுவார்?

பகிரும் நாள்

தோட்டம் மூடினாலும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வருவார்கள். ஷா ஆலமில் இருக்கும் மகனும் ஜொகூரில் இருக்கும் பேத்தியும் வரும் நாள் அது. அன்னதானம் முடிந்து, காப்பி குடிக்கும் நேரத்தில் ஒரு மேசை போட்டால் போதும். ஆடியில் ஒன்று, தை கடைசியில் ஒன்று, வருஷத்துக்கு இரண்டு தடவை. நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மேசை மேல் விதை மட்டும் வைக்காமல் அதன் காயையும் வையுங்கள். பொட்டலத்தைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது, ஒரு முழ நீளப் பயத்தங்காயைப் பார்த்தால் வரும்.

எங்கள் விதி இரண்டே இரண்டு. ஆளுக்கு ஒரு நாளில் மூன்று பொட்டலம். ஒன்று வாங்கினால் அடுத்த விளைச்சலில் இரண்டாகத் திருப்பித் தர வேண்டும். விளையாமல் போனால்? "போச்சு" என்று வந்து சொன்னால் போதும், மறுபடி கொடுப்போம். முதல் வருஷம் இந்த இரண்டாம் பாதியை நாங்கள் சொல்ல மறந்துவிட்டோம். செடி பட்டுப்போனவர்கள் முகம் காட்டக் கூச்சப்பட்டு வராமலே நின்றுவிட்டார்கள். விதையோடு அவர்களையும் இழந்தோம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். காயைத் தாராளமாக விற்கட்டும். விதையை விற்கத் தொடங்கினால் கணக்கு, பொறாமை, சட்டம் எல்லாம் உள்ளே வரும்.

சட்டத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 2004ஆம் ஆண்டின் புதிய தாவர ரகங்கள் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 634) பதிவு பெற்ற ரகங்களுக்கு உருவாக்கியவரின் உரிமையைத் தருகிறது. வியாபார நோக்கில்லாத தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், சிறு விவசாயிகள் நியாயமான அளவில் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதற்கும் அதே சட்டம் விலக்கு தருகிறது. நம் பாட்டிமார் விதைக்கு எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் வருவது பெட்டிக்குள் வரும் விதையில். ஊருக்குப் போனவர்கள் திருச்சியிலிருந்து பத்துப் பாக்கெட் வாங்கி வருவார்கள். 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி அதற்கு இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். அது காகிதத் தொல்லை மட்டும் இல்லை, இங்கே இல்லாத நோய் ஒன்று விதையோடு இறங்கினால் பக்கத்துப் பண்ணைகளும் மாட்டும். அப்படி வந்ததை எங்கள் மேசையில் வைப்பதில்லை.

விதையாகக் கொடுக்க முடியாதவை

முருங்கைக்குப் போத்து, மரவள்ளிக்குக் குச்சி, சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் கங்குங் கீரைக்கும் கொடி, தவசிக்கீரைக்குத் தண்டு. இவற்றைப் பகிரும் நாளன்று காலையில் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். கறிவேப்பிலைப் பழ விதையைக் காய வைத்தால் முளைக்காது, பழம் பழுத்த சில நாளில் ஊன்றிவிட வேண்டும். கறிவேப்பிலைக் கன்றைக் கைமாற்றும்போது துளிரைத் திருப்பிப் பாருங்கள். எலுமிச்சை இனத்தைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பும் சின்னத் தத்துப்பூச்சி அதில்தான் குடியிருக்கும். வாங்குபவர் வீட்டில் லீமாவ் காஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சைத் தொட்டி இருந்தால் பூச்சியையும் சேர்த்துக் கொடுத்தவர்களாவோம்.

இரண்டு வீடு

பகிரும் நாள் கலகலப்பாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். விதை வட்டங்கள் படுத்துவிடுவது அதன் பிறகு வரும் ஆறு மாதத்தில்தான். எல்லோரும் எல்லாவற்றையும் வாங்கிப் போவார்கள், யாரும் எதையும் விதைக்கு விட மாட்டார்கள். அதற்குத்தான் அந்த நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ரகத்துக்கும் எதிரே இரண்டு வீட்டின் பெயர். அந்த இரண்டு வீடும் வருஷம் ஒரு தடவை அந்த ஒரு ரகத்தை விதைக்கென்றே வளர்க்க வேண்டும், மற்றவர்கள் சாப்பிட வளர்த்தால் போதும். இரண்டு வீடும் ஒரே சந்தில் இருக்கக் கூடாது. வெள்ளமோ கொசு மருந்துப் புகையோ ஆட்டு மந்தையோ வந்தால் இரண்டும் சேர்ந்து போகும். கலக்கும் பயிராக இருந்தால் தள்ளி இருப்பது அதற்கும் நல்லது.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் மனிதர்களைப் படிக்க வேண்டும். பகலில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவருக்குப் பயத்தங்காய். பொறுமையான ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கையால் கருவூட்டும் பூசணி. பள்ளிப் பிள்ளைகளுக்கு வெண்டி, சீக்கிரம் வளரும், பூவும் பெரிது. இரண்டு வீட்டில் ஒன்றில் இளையவர் இருக்கட்டும். எங்கள் நோட்டில் ஒரு ரகத்துக்கு எழுதிய இரண்டு பேருமே எழுபதைத் தாண்டியவர்கள் என்பதைப் போன வருஷம்தான் கவனித்தோம். இப்போது மூன்றாவதாக ஒரு பேரன் பெயரையும் சேர்த்திருக்கிறோம்.

ஒரு பெயருக்கு எதிரே அந்த நோட்டு ரொம்ப நாள் காலியாக இருந்தது, நீட்டுப் புடலை. போன ஆடித் திருவிழாவுக்கு பாகான் செராயிலிருந்து வந்த ஒரு பாட்டி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து விதை கொடுத்தார். எங்கள் லயத்து விதைதானா என்று அவருக்கும் நிச்சயமில்லை, எனக்கும் இல்லை. இரண்டு முளைத்தது. ஒன்று என் வேலியில், இன்னொன்று வரிக்கத்திரி காப்பாற்றிய அக்கா வீட்டுப் பந்தலில். இன்று பெண் மொட்டு ஒன்று விரியப்போகிறது. மணி ஐந்தாகிவிட்டது, ஆண் பூ வாங்க அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.